எந்தத் தேதி மழை

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு நிவேதா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தரவு ஒருங்கிணைப்புப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவர். அவசியம் இல்லாமல் கூப்பிட மாட்டார்.

"சார், வருசநாட்டுப் பள்ளிக்கூடத்துல மழைமானிக்குப் பக்கத்துலயே போன வருசம் தானியங்கி மெஷின் வச்சோம்ல? ரெண்டுக்கும் பத்தடிதான் தூரம். ஆனா மெஷின் ஒரு தேதியில மழைய காட்டுது, செல்லத்தாய் அக்கா மறுநாள் தேதியில எழுதுறாக. எல்லா நாளும் இல்ல. பாதிக்குப் பாதி நாள்."

"ம்."

"மெஷினு மறக்காது, அக்காதான் மறுநாள் போய்ப் பாக்குறாகளோன்னு இங்கன பேசிக்கிறாக. கையால அளக்குறதையே நிறுத்திரலாம்னு குறிப்பு எழுதச் சொல்லியிருக்காக. இன்னொண்ணு சார், அந்த நிலையத்துக்குக் கீழ ஒரு அடிக்குறிப்பு கிடக்கு. அதுல உங்க பேரு. புது இணையதளத்துல அடிக்குறிப்புக்கு இடமில்ல. எடுத்துரவா?"

"மெஷின் தன்னோட நாளை எத்தனை மணிக்கு முடிக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. அதுவரைக்கும் எதையும் எடுக்காத" என்று சொல்லி வைத்தேன்.

பிறகு அலமாரியைத் திறந்து பழைய டைரிகளை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எழுந்த நேரம், வானம், செய்த வேலை, பார்த்த ஆட்கள் என்று தினமும் நான்கைந்து வரிகள். நிவேதா கேட்ட அடிக்குறிப்புக்கான காரணம் அவற்றில் இரண்டு இடங்களில் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் படித்தவன். வானிலை படித்தவன் அல்ல. மூன்று வாரப் பயிற்சியில் எனக்கு இன்றும் நினைவிருப்பது ஒன்றுதான்: கண்ணாடி அளவையில் தண்ணீரின் மேல்பரப்பு பிறைபோல் வளைந்திருக்கும், அந்த வளைவின் அடிமட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் படிக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் அரை மில்லிமீட்டர் கூடிவிடும்.

தேனிக்கு வந்த பிறகு என் வேலை மழையைப் பார்ப்பது அல்ல. பார்த்தவர்களிடமிருந்து எண்களை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுப்பது. தாலுகா அலுவலகங்களில் ஒரு மழைமானி இருக்கும். அணை அலுவலகத்துக்கு ஒன்று, விவசாய ஆராய்ச்சிப் பண்ணைக்கு ஒன்று, சில பள்ளிக்கூடங்களில் ஒன்று. யாரும் யாருக்கும் எண்ணைக் கொடுப்பதில்லை. முதல் வருடம் அணை அலுவலகத்தில் நான் போய்க் கேட்டபோது அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க மழைய நாங்க ஏன் உங்களுக்குக் குடுக்கணும்?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண் வெளியே போனால், மதகை ஏன் அந்த நேரத்தில் திறந்தீர்கள் என்ற கேள்வி திரும்பி வரும் என்ற பயம். நான் அடுத்த வாரம் கூடலூர் மழையை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் வந்தேன். மேலே பெய்த மழை, தண்ணீர் வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டு, "எழுதிக்கிருங்க" என்றார்.

எங்கள் துணை இயக்குநர் சங்கரலிங்கம், கம்பத்துக்காரர். சத்தம் போட மாட்டார். எந்த எண்ணை எடுத்துக்கொண்டு போனாலும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "யாரு பாத்தாக?"

"லிஸ்ட்ல இருக்கு சார்" என்று சொன்னால், "லிஸ்ட்டு நனையாதுப்பா. யாரு பாத்தாக?" என்பார். பார்த்தவரின் பெயர் தெரியாத எண்ணில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

திருத்துவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் பழைய எண் படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், நேரம். வெள்ளை பூசி மறைத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பழசு தெரியணும். அப்பத்தான் அடுத்தாப்ல வர்றவன் நம்மள நம்புவான்" என்பார்.

அந்த நாட்களில் எல்லா அலுவலகங்களுக்கும் நடுவே ஒரு பெரிய குழப்பம் இருந்தது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து அளக்கிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் நேற்று மாலை பெய்த மழை. இதை எந்தத் தேதியில் எழுதுவது? அளந்தது இன்று, ஆகவே இன்றைய தேதி என்பது வானிலைத் துறையின் விதி. பெய்தது நேற்று, ஆகவே நேற்றைய தேதி என்பது அணை அலுவலகத்தின் பழக்கம். பள்ளிக்கூடங்களில் ஆளுக்கு ஒரு விதம். ஒரே மழை இரண்டு தாள்களில் இரண்டு தேதியில் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு நாள் மழையாகிவிடும்.

நான் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் செய்து, "எந்தத் தேதியில எழுதுறீக?" என்று கேட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். இன்றைய தேதியில் எழுதுபவர்களுக்குப் பூஜ்யம். நேற்றைய தேதியில் எழுதுபவர்களுக்கு ஒன்று. 'ஒன்று' என்று இருந்தால் கணினி அவர்களுடைய தேதியோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எல்லா மழையும் ஒரே வரிசையில் நின்றது. அந்த அட்டவணையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அச்சடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன்.

அப்போதுதான் கடல் வந்தது. கடற்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை எழுதினார். கடலின் மேல்பரப்பு வெப்பநிலையை வாராவாரம் எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் பள்ளத்தாக்கின் அன்றாட மழையை அனுப்ப வேண்டும். ஐப்பசியில் கடல் சூடேறிக் கீழைக்காற்று வீசினால், வருசநாட்டு மலையில் மேகம் முட்டி எத்தனை மணி நேரத்தில் மழையாகிறது, வைகையில் எப்போது தண்ணீர் ஏறுகிறது என்பது அவருடைய கேள்வி. அது தெரிந்தால் ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பொழுது முன்னதாகச் சொல்லலாம். கடல் வெப்பநிலைத் தாள் வந்த முதல் நாள் எங்கள் அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. "தேனியில கடல் எங்கன சார் இருக்கு?" என்று தட்டச்சர் கேட்டார். எனக்கோ அந்தத் தாள் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடலின் எண்ணையும் மலையின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன்.

நான்கு வருடம் கழித்துப் பேராசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்ற நிலையங்கள் சரி. வருசநாட்டுப் பள்ளிக்கூட நிலையம் மட்டும் செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போகவில்லை. மேகம் திரண்டு நின்ற நாளில் அங்கே மழை இல்லை. மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த நாளில் அறுபத்தொரு மில்லிமீட்டர். அளப்பவர் மழை நாளில் போகாமல் மறுநாள் போய் அளந்து எழுதுகிறார் என்று தோன்றுகிறது. இந்த நிலையத்தை விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார்.

அங்கே அளப்பவர் செல்லத்தாய். அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மழைமானியைப் பார்ப்பது கூடுதல் வேலை. நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தாள்களைச் சரிபார்த்தேன். பேராசிரியை சொன்னது சரியாக இருந்தது. அன்று மாலையே ஒரு குறிப்பு எழுதினேன்: அளவையாளர் உரிய நாளில் அளப்பதில்லை, அவரை விடுவித்து நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம். கையெழுத்தும் போட்டேன். சங்கரலிங்கம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா மறுநாள் அளக்குறத யாரு பாத்தாக?"

நான் பேராசிரியையின் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"போய்ப் பாத்துட்டு வா. இது அப்புறம் இருக்கட்டும்" என்று குறிப்பை இழுப்பறைக்குள் போட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை. எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் இறங்கி, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கூடத்திலிருந்து புகை வரவில்லை. எட்டு இருபத்தைந்துக்குச் செல்லத்தாய் சாவியோடு வந்தார். மழைமானியின் கூம்பைக் கழற்றி, துணியால் துடைத்து, குடுவையை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எட்டரை ஆனதும் கண்ணாடி அளவையில் ஊற்றி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திப் படித்தார். நானே அவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை.

எழுந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். சொல்லாம கொள்ளாம வந்து வேலிக்குப் பின்னால நிக்கிறீக. திருடியப் பிடிக்க வந்தீகளா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. யாரு என்ன சொன்னாங்க?"

"எச்.எம். சார்தான் சொன்னாக. போன வாரமே அந்தக் கடலோர காலேஜுலருந்து அவுகளுக்கும் ஒரு கடுதாசி வந்துச்சாம். மழ பேஞ்ச மறுநாளுதான் நான் போய் ஊத்திப் பாக்குறேனாமே. இவ மழையைக்கூடத் திருடுவாளான்னு ஊருல கேக்குறாக சார். சிரிச்சுக்கிட்டேதான் கேக்குறாக." அவர் சிரிக்கவில்லை. "மழய எவனும் தின்னப் போறதில்ல, போகட்டும். ஆனா இங்கன நான் தினமும் அரிசி அளக்குறேன், பருப்பு அளக்குறேன். மழயில பொய் எழுதுறவ அரிசியில மட்டும் நெசம் எழுதுவாளாக்கும்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, நான் என்ன சார் சொல்லுவேன்?"

அது வரை எனக்கு அது ஒரு நிலையத்தின் விஷயமாகத்தான் இருந்தது. அவருடைய வேலை முழுதும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"தேதி எழுதுற நோட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"தனியா நோட்டு போடல சார். மாசக் கடைசியில உங்களுக்கு அனுப்புற படிவம் ஒண்ணு. மத்தபடி சத்துணவு நோட்டுல ஓரத்துல குறிச்சுக்கிருவேன்."

"சத்துணவு நோட்டுல எதுக்கு?"

"அதப் பாத்துத்தானே சார் அரிசி போடுவேன்" என்றார், இது கூடத் தெரியாதா என்பதுபோல. "மழ நெறைய இருந்தா ஓடையில தண்ணி ஏறிரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைக வராது. பத்து இருபதுன்னா எல்லாம் வந்துரும். அம்பதுக்கு மேலன்னா பாதிக்குக் கீழதான் வரும். எட்டரைக்கு அளக்காம எனக்கு உலை வைக்க முடியாது."

நோட்டை எடுத்து வந்தார். அதில் அவருக்கே உரிய ஒரு முறையில் நான்கு வருடம் வரிசையாக இருந்தது. தேதி, ஓரத்தில் மழை, பிறகு பிள்ளைகள், பிறகு அரிசி. நான் கொண்டுபோயிருந்த கணினித் தாளை விரித்தேன். அதில் பதினைந்தாம் தேதி அறுபத்தொன்று. நோட்டில் பதினான்காம் தேதி அறுபத்தொன்று, பிள்ளைகள் இருபத்தொன்பது. பதினைந்தாம் தேதி ஓரத்தில் பூஜ்யம், பிள்ளைகள் எழுபத்திரண்டு. மற்ற பக்கங்களையும் புரட்டினேன். மழை இருந்த நாளிலெல்லாம் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். மறுநாள் அளந்து எழுதியிருந்தால் எண்ணைப் பொய்யாக எழுதலாம், ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட பிள்ளைகளை எப்படி எழுத முடியும்? அவர் அளந்தது பதினான்காம் தேதி காலைதான். என் கணினியில் அது பதினைந்து.

அந்த ஒரு நாள் எங்கே ஏறியது? திரும்பும் பஸ்ஸில் வழி முழுதும் அதுதான் யோசனை. குற்றவுணர்ச்சி எதுவும் அப்போது இல்லை. தொலைந்த சாவியைத் தேடுகிற மாதிரியான ஆர்வம்தான். மூன்று மணிக்கு அலுவலகம் சேர்ந்து, செல்லத்தாய் தபாலில் அனுப்பிய படிவங்களின் கோப்பைத் திறந்தேன். படிவத்திலும் பதினான்குதான். ஆக, படிவத்துக்கும் கணினிக்கும் நடுவில் ஏறியிருக்கிறது. நடுவில் இருந்தது ஒன்றே ஒன்று. மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த என் அட்டவணை. வருசநாடு: ஒன்று.

அட்டவணை போட்டபோது அங்கே அளந்தவர் பள்ளிக் காவலாளி. அவர் நேற்றைய தேதியில்தான் எழுதினார். சில மாதங்களில் அவர் போய்ச் செல்லத்தாய் வந்தார். அன்று வீட்டுக்குப் போய் அந்த வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருந்தது: "வருசநாடு. புதிய அளவையாளர் செல்லத்தாய். மூன்று முறை தண்ணீர் ஊற்றி அளக்கவைத்தேன். அளக்கும் நாளின் தேதியையே எழுதச் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டார்."

ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அட்டவணையில் ஒன்றைப் பூஜ்யமாக மாற்ற மறந்தவனும் நான். நான் சொன்னபடி அவர் சரியாக எழுதிய ஒவ்வொரு தேதியையும் என் கணினி நான்கு வருடமாக ஒரு நாள் தள்ளியிருக்கிறது. மாதக் கூட்டுத்தொகையில் அது தெரியாது. யாரும் நாள்வாரியாகப் பார்க்கவில்லை. கடல் வந்து கேட்டதால் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அட்டவணையில் ஓர் இலக்கத்தை மாற்றினால் நான்கு வருடமும் தானாகச் சரியாகிவிடும். 'தரவு சீரமைக்கப்பட்டது' என்று பேராசிரியைக்கு ஒரு வரி போதும். செல்லத்தாயும் தப்பித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் மறுநாள் அளக்கிறார் என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் சங்கரலிங்கத்தின் இழுப்பறையில் கிடந்தது. சீரமைத்தது எதை, யாருடைய தவறை என்று அந்த ஒரு வரி சொல்லாது.

காலையில் படிவம், கணினித் தாள், டைரி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"யாரு பாத்தாக?" என்றார் சங்கரலிங்கம்.

"செல்லத்தாய் பாத்தாங்க சார். சரியாத்தான் பாத்திருக்காங்க. தேதிய மாத்துனது நான்."

மூன்றையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "லிஸ்ட்டு நனையாதுன்னு உன்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். பிறகு, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார்."

"மொதல்ல அங்கன போய்ச் சொல்லு. கணினியில நீ எப்ப வேணா மாத்திக்கலாம். அச்சடிச்ச தாளுல கையால அடி. பழசு தெரியணும்."

என் பழைய குறிப்பை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் மேலும் நான் ஒரே கோடு, சுருக்கொப்பம், நேரம் போட்டேன்.

செல்லத்தாயிடம் சமையல்கூட வாசலில் வைத்துச் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து முழுவதையும் கேட்டார்.

"அந்தத் தேதியில எழுதச் சொன்னதே நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப எச்.எம். சார்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா சாக்குச் சொல்றாம்பாக."

தலைமையாசிரியரைக் கூப்பிட்டுவந்து, சமையல் செய்யும் இரண்டு பெண்களும் கேட்க, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் செல்லத்தாய் அந்தப் பெண்களைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீகளாடி? நான் அனுப்புன மழய எல்லாம் சாரு நாலு வருசமா ஒரு நாள் ஊறப் போட்டுத்தான் கணக்குல ஏத்தியிருக்காக" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதுதான். வாங்கிக்கொண்டேன்.

நான்கு வருடத் தாள்களில் மழை பெய்த ஒவ்வொரு தேதியையும் ஒரு கோடு போட்டுத் திருத்தி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அடியில் சங்கரலிங்கம் சொல்லச் சொல்ல எழுதியதுதான் நிவேதா கேட்ட அடிக்குறிப்பு: "இந்நிலையத்தின் தேதிகள் நான்கு ஆண்டுகள் ஒரு நாள் தள்ளிப் பதிவாயின. தவறு பார்த்தவருடையது அன்று, தொகுத்தவருடையது." அதன் கீழே என் பெயர்.

பேராசிரியை திருத்திய தாள்களைப் பார்த்துவிட்டு எழுதினார்: பள்ளத்தாக்கில் மேகத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகும் நிலையம் இதுதான். கூடவே ஒரு வேண்டுகோள். அந்தச் சத்துணவு நோட்டின் நகல் கிடைக்குமா? எத்தனை மில்லிமீட்டரில் ஓடை பிள்ளைகளை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஓர் அளவுகோல் எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மாலை நிவேதா திரும்பக் கூப்பிட்டார்.

"சார், மெஷினு ராத்திரி பன்னண்டுக்கு நாள் கணக்க முடிக்குது! சாயங்காலம் பேஞ்சா மெஷினுக்கு இன்னிக்கி மழை, அக்காவுக்கு நாளைக்கி மழை. விடியக்காலம் பேஞ்சா ரெண்டுக்கும் ஒரே தேதி. அதான் பாதி நாள் ஒத்துப்போகுது, பாதி நாள் போகல. ரெண்டுமே சரிதான் சார்."

"குறிப்பு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்" என்று கொஞ்சம் தயங்கினார். "அனுப்பல. கிழிக்காம ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். அடிக்குறிப்புக்கும் இடம் பண்ணிட்டேன். உங்க பேர மட்டும் எடுத்துரட்டுமா சார்? எல்லாரும் பாக்குற இடம்."

அதை முடிவு செய்ய வேண்டியவர் நான் அல்ல என்று தோன்றியது. மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்குச் செல்லத்தாயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு இருக்கட்டும் சார்" என்றார் உடனே. "எடுத்துட்டா, அடுத்து வர்றவுக மறுபடி என்னையில்ல வேலிக்குப் பின்னால நின்னு பாப்பாக?"

"சரிம்மா."

"வைக்கிறேன் சார், உலை கொதிக்குது. இன்னிக்குப் பன்னண்டு புள்ளி நாலுதான். எல்லாப் பிள்ளைகளும் வந்துரும்."

நிவேதாவிடம் பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டைரியைத் திறந்தேன். தேதி போட்டு, வருசநாடு, பன்னிரண்டு புள்ளி நான்கு, பார்த்தவர் செல்லத்தாய் என்று எழுதினேன்.